நோட்டில் ஏறாத பாடம்: பிள்ளையை முதன்முதலாக ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும் வீட்டாருக்கு

ஜூன் மாதம், பள்ளி திறந்து நான்காவது நாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் வாசலிலேயே பேத்தியின் பையைத் திறந்து பார்த்தார் ஒரு பாட்டி. நோட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தில் கிரேயானில் கிறுக்கிய நாலு வட்டம், மற்றதெல்லாம் வெள்ளைத்தாள். "ஏம்மா டீச்சர், நாலு நாளா ஒண்ணுமே எழுதலியே, சும்மாதான் உக்காந்திருக்குதா?" என்று கேட்டார். அதில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். ராத்திரி போன் வந்தால் "பாப்பா என்ன படிச்சா?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நாலு நாளில் அந்தப் பாப்பா மூன்று பாட்டுகளைக் கையசைவோடு கற்றுக்கொண்டிருந்தாள். 'மாம்பழம்' என்று சொன்னால் வாய் முதலில் எந்த ஒலிக்கு மூடித் திறக்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். இரண்டு புளியங்கொட்டைக் குவியலில் எது அதிகம் என்பதை எண்ணாமலே கண்ணால் பார்த்துச் சொன்னாள். தன் முறை வரும்வரை காத்திருந்தாள். ஐந்து வயதில் லேசான காரியமா அது? ஆனால் இதில் எதுவுமே நோட்டில் ஏறாது.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பல வருடங்களாகச் சின்ன வகுப்புகளை எடுத்துவருகிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊருக்கு வெளியே தோட்டங்களில் இருக்கும் கொட்டாய்களிலிருந்து நடந்து வருகிறவர்கள். வீட்டிலிருந்து முதல்முதலாகப் பள்ளிக்கு வரும் தலைமுறையும் அவர்களில் உண்டு. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எதை விட்டுவிடுவது என்று தெளிவாகிவிடும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கேள்வியை மாற்றுங்கள்

"இன்னைக்கு என்ன எழுதுன?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன பாட்டு? யார் பக்கத்துல உக்காந்த? கதையில நரி அப்புறம் என்ன பண்ணுச்சு?" என்று கேளுங்கள். நரி என்ன செய்தது என்று ஒரு குழந்தை முன்னும் பின்னும் மாறாமல் வரிசையாகச் சொன்னால், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வளர்கிறது என்று பொருள். பின்னால் பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு இதுதான் அடித்தளம்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் புரிந்து படிக்க வேண்டும், எழுத வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்காகத்தான் வகுப்பறையின் ஒரு மூலையில் கதைக்களம், இன்னொரு மூலையில் பொம்மலாட்டக் களம், படித்தல் களம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளை வீட்டில் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அதனோடு பேசினால் தடுக்காதீர்கள். வகுப்பில் செய்ததைத்தான் வீட்டில் திரும்பச் செய்து பார்க்கிறது.

பென்சிலுக்கு முன்னால் விரல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ' எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுதிவரச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஒரு பையன் நோட்டைக் காட்டினான். பக்கம் நிறைந்திருந்தது. ஆனால் மேலிருந்து கீழ்வரை முதலில் சுழிகளாக மட்டும் போட்டு முடித்து, அப்புறம் மேலிருந்து கீழ்வரை கோடுகளாக இழுத்திருக்கிறான். எல்லாம் 'அ' மாதிரிதான் இருந்தன. ஆனால் அவன் ஒருமுறைகூட 'அ' எழுதவில்லை. அட்டையில் அந்த எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. அதோடு ஒரு பக்க எழுத்துவேலை கொடுப்பதை விட்டுவிட்டேன்.

ஐந்து வயதில் விரல்களுக்கு இன்னும் பலம் வந்திருக்காது. பென்சிலை முஷ்டியில் பிடிப்பதும், தாள் கிழிய அழுத்துவதும், இரண்டு வரியில் கை வலிக்கிறது என்று சிணுங்குவதும் சோம்பேறித்தனத்தால் அல்ல. வகுப்பில் களிமண் உருட்டச் சொல்கிறோம், காகிதம் கிழித்து ஒட்டச் சொல்கிறோம், மணலில் விரலால் வரையச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் இதைவிட நல்ல பயிற்சி இருக்கிறது. தை மாதம் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீங்கப் பிதுக்குவோமே, அந்த வேலையில் பிள்ளையையும் உட்கார வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்துகிற அதே அசைவுதான் பென்சில் பிடிப்பதற்கும் வேண்டும். பூக்கட்ட நூல் எடுத்துக் கொடுப்பது, வேர்க்கடலை உரிப்பது, வாசலில் கோலப்புள்ளி வைப்பது எல்லாமே எழுத்துப் பயிற்சிதான்.

இடவலமாகத் திருப்பி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி சில எழுத்துகளையும் எண்களையும் எழுதுவார்கள். 3, 7 இரண்டும் அடிக்கடி திரும்பிக்கொள்ளும். ஆறு, ஏழு வயதுவரை இது சாதாரணம். திட்ட வேண்டாம், பக்கத்தில் சரியாக ஒன்றை எழுதிக் காட்டினால் போதும்.

எழுத்துகளுக்கு வருவோம்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டாரும் நாங்களும் அதிகம் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தமிழில் 247 எழுத்து என்றதும் பெற்றோருக்கு மலைப்பாக இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் பிள்ளை 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. பதினெட்டு எழுத்தும் அவற்றோடு சேரும் குறிகளும் பழகிவிட்டால் மிச்சம் தானாகத் திறந்துகொள்ளும். துணைக்கால் ஒன்றைப் புரிந்துகொண்ட குழந்தைக்கு கா, சா, டா என்று பதினெட்டும் வந்துவிடும்.

அ, ஆ என்று தொடங்காமல் எங்கோ ஆரம்பிக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். நான் ட, ப, ம என்று தொடங்குவேன். செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்திலிருந்து எங்களுக்குப் பழகிய வழி அது. 'ட' இரண்டு கோடு, 'ப' மூன்று கோடு, 'ம' அதில் கொஞ்சம் வளைவு. கைக்கு எளிது. அதோடு இந்த மூன்றுக்கும் புள்ளி வைக்கத் தெரிந்ததும் படம், மடம், பட்டம் என்று முழுச் சொற்களையே பிள்ளை படித்துவிடும். பத்தே நாளில் ஒரு சொல்லைத் தானாகப் படித்த குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். 'அ' சுழியோடு மல்லுக்கட்டும் குழந்தைக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்க மாதக்கணக்காகும். உயிரெழுத்து வரிசையைப் பாட்டாகவும் ஆத்திசூடியாகவும் காதால் கேட்டு வாயால் சொல்லிக்கொண்டே இருப்போம், எழுதுவது அப்புறம்.

இப்போது வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். தாத்தா பிள்ளையை மடியில் உட்கார வைத்து 'கடல்' என்ற சொல்லைக் காட்டி, "கானா, டானா, லானா" என்று சொல்லிக் கொடுப்பார். அன்பாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் கானா, டானா, லானா மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'கடல்' வராது. பிள்ளை விழிக்கும். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லுங்கள்: க, ட, ல். வேகமாகச் சொன்னால் சொல் தானாகக் கிடைத்துவிடும். தாத்தா பாட்டிமார் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் படித்தவர்கள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றைப் பழைய வடிவில் எழுதிக் காட்டினால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். புத்தகத்தில் உள்ளபடியே எழுதிக் காட்டுங்கள்.

பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதறமாட்டீர்கள். முதல் தடுமாற்றம் கொம்பில் வரும். 'கெ' எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலிக்கும்போது 'க்' முதலில் வருகிறது. இடமிருந்து வலமாகப் படி என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். அதனால் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் 'எ' என்று தொடங்கிவிட்டு அப்புறம் 'க' என்கிறது. 'கொ'வில் இன்னும் சிரமம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நான் பிள்ளைகளிடம், "க நடுவுல உக்காந்திருக்கா, ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு காவல்" என்று சொல்வேன். மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது விதி. இதே முறையை வீட்டிலும் சொல்லலாம்.

இரண்டாவது தடுமாற்றம் உகரம். மற்றக் குறிகள் எல்லா எழுத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் கு, சு, டு, து, ணு, மு என்று எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். ஊகாரமும் அப்படித்தான். இதற்குக் குறுக்குவழி கிடையாது, நாளாகும். மற்ற குறிகள் எல்லாம் வந்துவிட்ட பிள்ளை இதில் மட்டும் ஒரு மாதம் நின்றால் கவலைப்படாதீர்கள்.

மூன்றாவதாக ஒலி. 'க' என்ற ஒரே எழுத்து கல், அகம், தங்கம் மூன்றிலும் மூன்று மாதிரி ஒலிக்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் கவனிப்பதே இல்லை. புதிதாகப் படிக்கும் குழந்தை 'தங்கம்' என்பதில் 'க'வைக் கல்லில் வருவது மாதிரி அழுத்திச் சொல்லும். தப்பு என்று தலையில் தட்டாமல், "இதை நாம எப்படிச் சொல்லுவோம்?" என்று கேளுங்கள். தானே திருத்திக்கொள்ளும். ல, ள, ழ, அப்புறம் ன, ண, ந இவற்றின் வேறுபாடு மூன்றாம் வகுப்புவரைகூடப் போகும்.

படிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் உங்கள் பிள்ளை புத்தகத்தில் விரல் வைத்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்துக் காட்டும். மகிழ்ச்சியாக இருக்கும். விரல் எங்கே போகிறது என்று மட்டும் கொஞ்சம் பாருங்கள். வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும், விரல் இன்னும் முதல் வரியிலேயே நிற்கும். பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டதால் வரும் வேகம் அது. இதுவும் படிப்பதற்கு ஒரு படிதான், அதனால் பாராட்டுங்கள். அப்புறம் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி என்னவென்று கேளுங்கள். அடுத்து, அதே சொல்லை ஒரு காகிதத்தில் தனியாக எழுதிக் காட்டுங்கள். இரண்டிலும் சொல்லிவிட்டால் படிக்கிறது. சொல்லாவிட்டால் அந்தச் சொல்லில் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்து, மறுநாள் டீச்சரிடம் அதை மட்டும் சொல்லுங்கள். "படிக்கவே மாட்டேங்குது" என்று சொல்வதைவிட "கொம்பு வந்தா நிக்குது" என்று சொன்னால் எங்களுக்கு எவ்வளவோ உதவி.

தினமும் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் வந்ததும் மறந்துபோகும்.

கணக்கு: புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும்

"எங்க பையன் நூறு வரைக்கும் சொல்லுவான் டீச்சர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், நல்லதுதான். அவன் முன்னால் ஏழு புளியங்கொட்டையைப் போட்டு எண்ணச் சொன்னால் ஒன்பது என்பான். வாய் ஓடுகிறது, விரல் ஒரே கொட்டையை இரண்டு முறை தொடுகிறது. ஒரு கொட்டைக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை. இதைப் புரிந்துகொள்ளத்தான் முதல் பருவத்தில் நிறைய நேரம் போகிறது. அதற்கும் முன்னால் பெரியது சிறியது, உள்ளே வெளியே, மேலே கீழே, ஒன்றுபோல இருப்பவற்றைப் பிரித்து வைப்பது என்று நடக்கும். "கணக்குப் பாடத்துல வாளியும் மக்கும் எதுக்கு?" என்று கேட்ட அப்பா ஒருவர் உண்டு. மக் வாளிக்குள் போகும், வாளி மக்குக்குள் போகாது. அளவு என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

நம் மாவட்டத்தில் புளிக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் புளி தட்டும்போது இரண்டு கை கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இந்தப் பிள்ளையைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள், விழுங்கியும்விடுவார்கள். ஐந்து கொட்டையைக் கையில் வைத்து மூடிக் காட்டி, இரண்டை வெளியே எடுத்து, உள்ளே எத்தனை என்று கேளுங்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், கழித்தலும் அதுவே.

பத்தைத் தாண்டியதும் பிள்ளைகள் தடுமாறுவது கணக்கில் இல்லை, மொழியில். பதினொன்று, பன்னிரண்டு என்று பெயர்கள் கொஞ்சம் திரிந்து வரும். இருபத்தொன்பது வந்ததும் "இருபத்திப்பத்து" என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அது அறிவான தவறு. விதியைப் புரிந்துகொண்டதால்தான் அப்படிச் சொல்கிறது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் வரும் 'தொண்ணூறு' இன்னொரு பள்ளம். எண்பது வரைக்கும் 'பது' என்று முடிந்துகொண்டு வந்தது, திடீரென்று 'நூறு' மாதிரி ஒன்று கேட்கிறது. தொண்ணூற்று மூன்று என்றால் நூறைத் தாண்டிவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு.

எழுதும்போது வரும் சிக்கல்: 'இருபத்தைந்து' எழுது என்றால் 205 என்று எழுதும். இருபது 20, ஐந்து 5, காதில் விழுந்தபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது. "எத்தனை தடவை சொல்றது?" என்று அடிக்கக் கை ஓங்காதீர்கள். தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இருபத்தைந்து என்றால் இரண்டு கட்டு, ஐந்து தனிக்குச்சி. கட்டுகளை இடது பக்கமும் தனிக்குச்சிகளை வலது பக்கமும் வைக்கச் சொல்லுங்கள். கட்டு எத்தனை? 2. தனி எத்தனை? 5. அப்படியே எழுது, 25. வகுப்பில் மணிச்சட்டத்தில் செய்வதும் இதேதான். முப்பது என்றால் தனிக்குச்சி இருக்க வேண்டிய இடம் காலி, அந்தக் காலி இடத்துக்குத்தான் 0 என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற நாளில் எனக்கு அன்றைய சம்பளம் வந்துவிட்டது.

அளவுக்கு வீட்டிலேயே பாடம் இருக்கிறது. வகுப்பில் சாண், முழம், காலடி வைத்துப் பெஞ்சையும் கரும்பலகையையும் அளப்பார்கள். பூக்காரம்மாவிடம் பூ வாங்கும்போது, அவர் கை முழம் எவ்வளவு, உன் கை முழம் எவ்வளவு என்று பிள்ளையை அளக்கவிடுங்கள். ஏன் வித்தியாசம் வருகிறது என்ற கேள்வி அதுவாகவே எழும். சந்தைக்குக் கூட்டிப்போனால் பத்து ரூபாயைக் கையில் கொடுத்து மீதி வாங்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலமும் சூழ்நிலையியலும்

ஆங்கிலத்தில் முதல் வருடம் பாட்டு, சின்னச் சின்னக் கட்டளைச் சொற்கள், எழுத்துகளின் ஒலி, இவ்வளவுதான். ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்த பெற்றோரிடம் நான் தவறாமல் சொல்வது: தமிழில் படிக்க வந்துவிட்ட பிள்ளை ஆங்கிலத்தில் சீக்கிரம் வந்துவிடும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை அது ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும்.

சூழ்நிலையியல் என்ற பாடத்தை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் நெருக்கமான பாடம். என் உடல், என் குடும்பம், செடிகொடி, விலங்குகள், உணவு, தண்ணீர் எல்லாம் அதில் இருக்கின்றன. பல் துலக்குவதைப் பற்றிப் பேசும்போது ஒரு பையன் தன் அண்ணனுக்குப் பல்லில் பழுப்புக்கறை இருக்கிறது, துலக்கினாலும் போகவில்லை என்றான். நம் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் அந்தக் கறை வரும். அதைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பிள்ளையின் தண்ணீர் பாட்டிலில் போர்வெல் தண்ணீருக்குப் பதிலாக ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை நிரப்பி அனுப்புங்கள்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றியும் பேசுகிறோம். பிள்ளை வீட்டில் வந்து கேட்டால் வாயை மூடு என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, கல்வி சம்பந்தமான உதவிக்கு 14417. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழியாக இருக்கும் பிள்ளைகள் நிறைய. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனி வீட்டிலும் தமிழே பேச வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உங்கள் மொழியிலேயே கதை சொல்லுங்கள், திட்டுங்கள், கொஞ்சுங்கள். ஒரு மொழியில் நன்றாகப் பேசக் கற்ற குழந்தை இன்னொன்றை அதன் மேல் கட்டிக்கொள்ளும்.

எங்கள் வகுப்பில் ஒரு கன்னட வீட்டுப் பெண்குழந்தை இரண்டு மாதம் பேசவே இல்லை. ஒருநாள் 'பால்' அட்டையைக் காட்டியபோது "ஹாலு" என்றாள். சரி என்று 'பல்' காட்டினேன், "ஹல்லு." 'பூ', "ஹூவு." நாலு அட்டை போனதும் அவளே சிரித்துவிட்டாள். தன் வீட்டு 'ஹ' இங்கே 'ப' ஆகிறது என்று பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லா அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லை ஊகிக்க ஆரம்பித்தாள். தெலுங்கு வீடு என்றால் இன்னும் எளிது, பால் அங்கே 'பாலு'தான். இப்படிப்பட்ட சொற்களை வீட்டில் நீங்களும் பிள்ளையோடு சேர்ந்து தேடலாம்.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது

ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளையின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று சொல்வோம். அரும்பு ஏறக்குறைய ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு, மலர் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தமிழில் அரும்பில் இருக்கலாம், கணக்கில் மொட்டில் இருக்கலாம். இது தண்டனையோ தோல்வியோ இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கான அடையாளம்.

பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். காலையில் வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் பேச முடியாது. மாலையில் பள்ளி விட்ட பிறகு வாருங்கள். மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள்: எந்த எழுத்தில் நிற்கிறது, எந்த எண் வரைக்கும் பொருள் வைத்து எண்ணுகிறது, வகுப்பில் வாய் திறந்து பேசுகிறதா. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் வாருங்கள், அதில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான். கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி என்று எதைப் பேச வேண்டுமானாலும் அதுதான் இடம்.

பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது, புத்தகத்தை மூக்கு தொடும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோகிறது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். படிப்பு வரவில்லை என்று ஒரு வருடமாகத் திட்டு வாங்கிய பையனுக்குக் கடைசியில் கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாயிற்று. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டிவிடுங்கள்.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை

மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு வாரம், மாமா வீட்டுக்கு நாலு நாள், தக்காளி அறுவடைக்கு மூன்று நாள் என்று போய்விடுகிறது. பெரிய வகுப்பில் விட்ட பாடத்தை நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்பில் விட்டது கைக்குத் திரும்பாது, கொம்பு சொல்லிக்கொடுத்த வாரத்தில் வராத பிள்ளை கொம்பு வரும் ஒவ்வொரு சொல்லிலும் மாதக்கணக்காக நிற்கும். போகத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த வார அட்டைகளைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எல்லா டீச்சரும் கொடுப்பார்கள், கேட்டால் போதும். காலை உணவும் பள்ளியிலேயே இருப்பதால், நேரத்துக்குக் கிளம்பினால் சமையல் ஆகவில்லை என்ற காரணமும் இருக்காது.

வெளியூரில் வேலை செய்யும் அப்பா அம்மாவுக்கு: ராத்திரி போனில் "சாப்பிட்டியா, சேட்டை பண்றியா" என்பதோடு, இன்றைக்குப் படித்த ஒரு வரியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். முதலில் சொன்னேனே அந்தப் பாட்டி, அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் ஏழு மணிக்குப் பேத்தி புத்தகத்தை விரித்தால் எதிரில் உட்கார்ந்து, "இது என்ன, அப்புறம் இது என்ன?" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எதுவும் செய்யவில்லை.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் இருவரையும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பஸ் பலகையைப் படிப்பது முதல் வருட முடிவில் மிகச் சிறந்த பயிற்சி, நீங்களும் செய்து பார்க்கலாம். 'ஓசூர்' சீக்கிரம் வரும், 'அரூர்' வரும், 'ஒகேனக்கல்'லில் கொம்பு வந்து மறிக்கும். அந்தக் குழந்தை எதிரில் நின்ற பஸ்ஸை அண்ணாந்து பார்த்து "பா... ல... க்..." என்று தொடங்கினாள். அடுத்ததற்கு முன்னும் பின்னும் காவல். நின்றாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். "ஏறலாம் வா" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க டீச்சர், அடுத்த பஸ்ல போய்க்கலாம்."